ஹோவர்ட் தெருவில் ஒரு குழந்தை மருத்துவர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடியும் மாடியேறத் தொடங்கிவிட்டீர்கள் என்பதில் மிக்க மகிழ்ச்சி. இங்கு எல்லாரும் நலம். பேத்திக்குப் பள்ளி விடுமுறை என்பதால் வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. உங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் பெரிய மருத்துவமனை உங்கள் குழந்தைகள் கிளினிக்கைத் தன்னோடு இணைத்துக்கொள்ள விரும்புகிறது என்றும், மாதம் ஒரு நிலையான தொகை தருவதாகச் சொல்கிறது என்றும், ஒப்புக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆம், இல்லை என்று ஒரு வரியில் முடிக்கக்கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை.

அதை யோசித்துக்கொண்டிருந்தபோது ஆபிரகாம் ஜேக்கபியின் நினைவு வந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவத்தின் தந்தை என்று நம் மாணவப் பருவத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்துபோன பெயர்தான். ஆனால் ஒரு தனியார் கிளினிக்குக்கும் மருத்துவமனைகளுக்கும் இடையே என்ன மாதிரியான உறவு இருக்கலாம், எந்த இடத்தில் அது முறியும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஜெர்மனியில் மிண்டன் நகருக்கு அருகிலுள்ள ஹார்ட்டும் என்ற சிற்றூரில், ஏழை யூதக் குடும்பத்தில் 1830இல் பிறந்தவர். 1851இல் பான் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற கையோடு, புரட்சி இயக்கத் தொடர்புக்காகக் கைது செய்யப்பட்டார். கொலோனில் நடந்த கம்யூனிஸ்டுகள் வழக்கில் விடுதலையானாலும், அரசரை அவமதித்தார் என்ற வேறொரு குற்றச்சாட்டில் மறுபடியும் சிறைக்குள் தள்ளினார்கள். 1853இல் வெளியே வந்ததும் இங்கிலாந்து வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்து, அந்த ஆண்டே நியூயார்க்கின் ஹோவர்ட் தெருவில் 20ஆம் எண் வீட்டில் கிளினிக் திறந்தார். அங்கே வந்து பார்த்தால் 25 சென்ட், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் 50 சென்ட், பிரசவம் பார்த்தால் 5 முதல் 10 டாலர் வரை. இவைதான் அவருடைய கட்டணங்கள். வந்தவர்கள் பெரும்பாலும் அவரைப் போலவே கப்பலேறி வந்த ஜெர்மானியர்கள். (மானுடவியலாளர் பிரான்ஸ் போவாஸ் இவருடைய முதல் மனைவியின் சகோதரி மகன் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. அது வேறு கதை.)

குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு மருத்துவம் தேவை என்று அன்றைய அமெரிக்க மருத்துவ உலகம் நினைக்கவே இல்லை. பிள்ளை என்றால் சிறிய உருவில் ஒரு பெரியவர், மருந்தின் அளவைக் குறைத்தால் போதும் என்ற எண்ணம்தான் நிலவியது. கோடைகாலத்தில் வயிற்றுப்போக்கில் கைக்குழந்தைகள் கொத்துக்கொத்தாக இறந்தன. அந்தக் குழந்தை குடித்த பால் எங்கே இருந்தது, எந்தப் பாத்திரத்தில் இருந்தது, எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தது என்பதை வார்டில் நின்று தெரிந்துகொள்ள முடியாது. ஐம்பது சென்ட் வாங்கிக்கொண்டு படியேறிப் போன மருத்துவரின் கண்ணில்தான் அது படும். பாலைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள் என்று ஜேக்கபி வாழ்நாள் முழுதும் விடாமல் சொன்னதற்கு அந்த அடுக்குமாடி வீடுகள்தாம் காரணம் என்று நான் நினைக்கிறேன். பின்னாளில், 1893இல், நாதன் ஸ்ட்ராஸ் என்ற வணிகர் நியூயார்க்கில் ஏழைகளுக்காகப் பதப்படுத்திய பால் நிலையங்களைத் திறந்தபோது ஜேக்கபி அதற்குத் துணையாக நின்றார்.

ஆனால் வீடுகளில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு நோய்க்கு ஆண்டில் சில குழந்தைகள்தாம் கண்ணில் படும். நோயை வரிசையாகப் பார்க்கவும், இறந்த பின் உடலைத் திறந்து காரணம் அறியவும், மாணவர்களுக்குக் கட்டிலருகே நின்று சொல்லிக்கொடுக்கவும் மருத்துவமனை வேண்டும். ஜெர்மானியக் குடியேறிகளுக்காக 1857இல் தொடங்கப்பட்ட இலவச மருந்தகத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1860இல் நியூயார்க் மருத்துவக் கல்லூரி குழந்தை நோய்களுக்கென அந்நாட்டின் முதல் பேராசிரியர் பதவியை உண்டாக்கி அவரிடம் கொடுத்தது. அங்கே குழந்தைகளுக்கான இலவச கிளினிக்கையும் தொடங்கினார். உள்நாட்டுப் போரின்போது அந்தக் கல்லூரி மூடப்பட்டதும் வேறொரு கல்லூரிக்கும், பிறகு 1870இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கும் போனார். 1878இல் மவுன்ட் சைனாய் மருத்துவமனையில் அவர் தலைமையில் குழந்தைகளுக்கெனத் தனித் துறை ஏற்பட்டது. பொது மருத்துவமனை ஒன்றில் அமெரிக்காவில் அப்படி அமைந்த முதல் துறை அதுதான் என்கிறார்கள். இவற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று: அக்காலத்து மருத்துவமனைகளில் வருகை மருத்துவர்களுக்குச் சம்பளம் கிடையாது. காலையில் வார்டில் இலவசமாகப் பார்த்துவிட்டு, மற்ற நேரத்தில் கிளினிக் வருமானத்தில் குடும்பம் நடத்துவதுதான் வழக்கம். பெயரும் அனுபவமும் மருத்துவமனை கொடுத்தது. சோறு கிளினிக் போட்டது.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்தப் பிரிவினையைப் பற்றித்தான். நியூயார்க்கில் அப்போது கைவிடப்பட்ட குழந்தைகளையும் பாலூட்டும் தாய்மாரையும் வைத்துப் பராமரித்த ஒரு மருத்துவமனையில் ஜேக்கபி மருத்துவராக இருந்தார். நகரத்தின் செல்வாக்குள்ள குடும்பப் பெண்மணிகள்தாம் அதன் நிர்வாகிகள். நல்ல எண்ணத்தோடு நடத்தியவர்கள், நன்கொடை திரட்டியவர்கள். கைக்குழந்தைகளைக் கும்பலாக ஒரே கட்டடத்தில் வைப்பதே அவர்களைச் சாகடிக்கிறது, அவர்களைக் கிராமப்புறக் குடும்பங்களில் வளர்க்கக் கொடுங்கள் என்று அவர் இறப்புக் கணக்கோடு எடுத்துச் சொன்னார். நிர்வாகிகளுக்கு அது பிடிக்கவில்லை. மோதல் முற்றி, 1870களின் தொடக்கத்தில் அவர் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கை எழுதியிருப்பாரா? எழுதியிருக்கலாம், அவர் சிறைக்குப் போய் வந்த மனிதர். ஆனால் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களுக்கு, மறுநாள் காலையில் திறப்பதற்குச் சொந்தமாக ஒரு கதவு இருப்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொண்டை அடைப்பான் என்ற டிப்தீரியா நோயைப் பற்றி 1880இல் முழு நூல் எழுதியவர் அவர். மூச்சு நின்றுபோகும் தறுவாயில் இருந்த எத்தனையோ குழந்தைகளின் கழுத்தில் துளையிட்டுக் காப்பாற்ற முயன்றவர். 1883இல் அவருடைய மகன் எர்ன்ஸ்ட் அதே நோயில் இறந்தான். தாயார் மேரி புட்னம், பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட பெண், தந்தை இப்படிப்பட்டவர். அந்த நோய்க்கான நஞ்சுமுறி மருந்து வருவதற்கு இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருந்தது. வீட்டு அனுபவமும் மருத்துவமனை அனுபவமும் ஒருவரிடமே முழுமையாக இருந்தும் அறிவியல் வந்துசேராத இடத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் நாம் பயிற்சி பெற்ற நாட்களில் இந்த நோயோடு, திணறித் திணறி மூச்சை இழுத்துக்கொண்டு வரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாயார் ஓ.பி. வாசலில் நிற்கும்போது நமக்கு உள்ளங்கை வியர்த்தது நினைவிருக்கும். நம் கையில் மருந்து இருந்தது, ஜேக்கபி தம்பதியின் கையில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெர்லினில் பேராசிரியர் பதவி தருகிறோம் என்று ஒரு காலத்தில் துரத்தியனுப்பிய நாடே அழைத்தபோது ஜேக்கபி போக மறுத்துவிட்டார். எண்பது வயதைக் கடந்த பின் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைவரானார். 1919இல் இறந்தார், அதற்கு முந்தைய ஆண்டு ஏரிக்கரை வீட்டில் ஏற்பட்ட தீயில் அவருடைய சுயசரிதைக் கையெழுத்துப் படி எரிந்துபோயிற்று. நமக்கு அது பெரிய நட்டம்.

இனி உங்கள் விஷயம். மருத்துவமனையோடு உறவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவில் ஒரு பச்சிளங்குழந்தைக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டால் உங்கள் கிளினிக்கில் என்ன செய்வீர்கள்? அட்மிஷன் போடவும், ரவுண்ட்ஸ் போகவும், இளம் மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அங்கே உங்களுக்கு இடம் இருப்பது நல்லதே. ஆனால் கிளினிக்கின் பெயரையும் கட்டணத்தையும் கேஸ் ஷீட்டுகளையும் கைமாற்றிக் கொடுக்கும் ஷரத்து அந்த ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். மாதத்துக்கு இத்தனை பேரை அட்மிட் செய்ய வேண்டும் என்று எங்காவது, வேறு வார்த்தைகளில் மறைத்தாவது, எழுதியிருந்தாலும் அப்படியே. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு கணக்கில் சிக்கி, சாதாரணக் காய்ச்சலுக்குப் பிள்ளையைப் படுக்க வைக்கச் சொல்லவேண்டி வந்து, இரண்டாம் ஆண்டே வெளியே வந்துவிட்டார். அதற்குள் அவருடைய பழைய கிளினிக் இருந்த இடத்தில் மொபைல் கடை வந்துவிட்டிருந்தது. வாரத்தில் சில காலைகள் அங்கே, மாலை முழுதும் உங்கள் கிளினிக்கில் என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு உங்கள் பெயர் தேவை. ஒத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தின் நகலை அனுப்பிவையுங்கள். என் தம்பி மகன் வழக்கறிஞர், அவனிடமும் காட்டுகிறேன். ஞாயிறு மாலை வீட்டில்தான் இருப்பேன், தொலைபேசியில் விரிவாகப் பேசலாம். அண்ணியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய விடுதித் தோழன்