கட்டைவிரலும் கண்வலிக்கிழங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, என் மைத்துனர் ஒரு டப்பா பொடி வாங்கி வந்துவிட்டார். என் கால் கட்டைவிரலுக்காம். எனக்கு எட்டு வருஷமாக கவுட் இருக்கிறது, யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம். நடுராத்திரியில் விரல் மூட்டு சிவந்து வீங்கும்; போர்வை நுனி பட்டாலும் உயிர் போகும். அந்த நேரத்தில் என் உடம்பில் எதிர்ப்பு சக்திக்குப் பஞ்சமில்லை. அதுதான் அங்கே தேவையில்லாமல் ஆட்டம் போடுகிறது. அதை இன்னும் கூட்டி என்ன செய்ய?

கட்டுரையாளர் 'வீக்கம்' என்று ஒரே சொல்லில் கடந்துவிட்ட இடத்தை, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்திய பழக்கத்தில் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ரத்தத்தில் யூரிக் அமிலம் என்ற கழிவு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் கரையாமல் ஊசி ஊசியாகப் படியக்கூடும். கால்விரல் மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சி என்பதால் பெரும்பாலும் அங்கேதான் முதலில். அந்த ஊசியை, அந்நியப் பொருளை விழுங்கும் காவல் செல்லான மேக்ரோஃபேஜ் விழுங்கிவிடுகிறது. விழுங்கியது செரிப்பதில்லை.

பேங்க் லாக்கருக்கு இரண்டு சாவி வேண்டுமல்லவா, வீக்கம் கிளம்பவும் அப்படித்தான். செல்லின் மேலுறையிலுள்ள டோல் ஏற்பிகள் ஆபத்தை மோப்பம் பிடித்ததும், அதுவரை இன்னொரு புரதத்தின் பிடியில் கிடந்த என்.எஃப். கப்பா பி என்ற, மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம் விடுபட்டு நியூக்ளியஸுக்குள் போகும். வீக்கத்தைத் தூண்டும் சேதிப் புரதமான இன்டர்லூகின் 1 பீட்டாவின் முன்வடிவம் தயாராகும். இது முதல் சாவி. முன்வடிவத்தால் ஒரு கெடுதலும் இல்லை, சும்மா கிடக்கும். யூரிக் ஊசி இரண்டாவது சாவி. அது உள்ளே போனதும் என்.எல்.ஆர்.பி. 3 புரதங்கள் கூடி இன்ஃப்ளமசோம் என்ற கூட்டமைப்பாகின்றன. அதிலிருந்து காஸ்பேஸ் 1 என்ற நொதி கிளம்பி முன்வடிவத்தை வெட்டி, வேலை செய்யும் இன்டர்லூகினாக்குகிறது. செல்லின் சவ்வில் துளைகள் விழுந்து இன்டர்லூகின் வெளியே கொட்ட, நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் மொய்த்துக்கொள்கின்றன. இன்ஃப்ளமசோமுக்கு 2002-இல் பெயர் வைத்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த யூர்க் சாப் குழு. யூரிக் ஊசிதான் அதை எழுப்புகிறது என்று 2006-இல் காட்டியதும் அவர்களே.

எனக்கு டாக்டர் கொடுப்பது அரை மில்லிகிராம் கோல்ச்சிசின். நியூட்ரோஃபில் ஊர்ந்து வரவும், இன்ஃப்ளமசோமின் உதிரிகள் ஓரிடம் சேரவும் செல்லுக்குள் சாரம் போல நிற்கும் நுண்குழல்கள் வேண்டும். இந்த மருந்து அவற்றைக் கட்டவிடாது.

வேடிக்கை என்னவென்றால், மாத்திரையில் இருக்கும் அந்தச் சரக்கு எங்கள் காட்டிலேயே விளைகிறது. திருப்பூர் மாவட்டத்து மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்போம். மாநில மலரான செங்காந்தள்தான். அதன் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கி நிற்கும். அதனால் காலையிலேயே பந்தலுக்குள் குனிந்து, பூப்பூவாக நாங்களே மகரந்தம் தொட்டுவைக்க வேண்டும். அப்போதுதான் காய் பிடிக்கும். விதையிலிருந்து கோல்ச்சிசின் எடுப்பார்கள், வெளிநாட்டுக்கும் போகிறது. கவுட் வந்த நாட்களில் அந்த வேலை எனக்கு ஓடாது என்பது வேறு விஷயம்.

இதயத்துக்கும் இதில் பங்குண்டு. ரத்தக்குழாயில் படியும் கொலஸ்ட்ரால் படிகமும் இதே இன்ஃப்ளமசோமை எழுப்பும். 2023 ஜூனில் அமெரிக்க மருந்துத் துறை மாரடைப்பு ஆபத்தைக் குறைக்க இந்த அரை மில்லிகிராமை அனுமதித்தது. அதற்காக இன்டர்லூகினை எதிரியாக்கவும் வேண்டாம். அதை மட்டும் தடுக்கும் கனகினுமாப் ஊசியை 10,061 பேரிடம் சோதித்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. மாரடைப்பு குறைந்தது, ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின. 'கூட்டு', 'குறை' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வரும் சிக்கல் இதுதான்.

இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் ஒரு வரியைக் கட்டம் கட்டிப் போடுங்கள்: கண்வலிக்கிழங்கை யாரும் அரைத்தோ வேகவைத்தோ சாப்பிடக் கூடாது. வேகவைத்தாலும் விஷம் போகாது. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையின் வேலையே நின்றுபோகும். மாத்திரையைக்கூட, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

விலங்கியல் ஆசிரியர் (ஓய்வு),
மூலனூர்.