மோர்ட்டார் வீரர், உயிரியல் பேராசிரியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

முன்னாள் படைவீரர்களின் உயர்கல்வி பற்றிப் பேசுவோர் அமெரிக்கரான யூஜின் ஸ்லெட்ஜின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் 1944-இல் பெலெலியூ தீவு, 1945-இல் ஒக்கினாவா தீவு என ஜப்பானியருக்கு எதிரான இரு கொடிய போர்களிலும் அமெரிக்க மரைன் படையின் 60 மி.மீ. மோர்ட்டார் (குண்டுகளை உயர வீசும் சிறு பீரங்கி) குழுவில் இருந்தவர். நாட்குறிப்பு எழுதத் தடை. சட்டைப்பையிலிருந்த பைபிளின் புதிய ஏற்பாட்டில் ரகசியமாகக் குறித்து வைத்தார். அவையே 1981-இல் நூலாக விரிந்தன.

1946-இல் வீடு திரும்பியும் கொடுங்கனவுகள் விடவில்லை. மிகவும் விரும்பிய வேட்டையைக்கூடக் கைவிட்டார். 1949-இல் பெற்ற வணிகப் பட்டத்தில் மனம் ஒட்டவில்லை. 1955-இல் தாவரவியல் முதுகலை, 1960-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 1962 முதல் 1990 வரை அலபாமா மாநிலத்தின் மான்டெவாலோ நகரில் உயிரியல் கற்பித்தார்.

படையை விட்டு முனைவராக 14 ஆண்டுகள்! வீரர்களின் கல்வி உதவியை முதல் பட்டத்தோடு நிறுத்தக் கூடாது. துறை மாறவும் இடம் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்