தங்கச்சி நிச்சயத்துக்கு வைர மோதிரம்

நியூயார்க்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

மாப்பிள்ளை நிச்சயத்தன்று தங்கச்சிக்கு லேப் வைர மோதிரம், அதாவது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரத்தில் செய்தது, போடப்போகிறாராம், அது வைரமா கண்ணாடியா என்று கேட்டிருந்தீர்கள். வைரம்தான் அப்பா. அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

நான் வேலை பார்க்கும் 47-ஆவது தெருவில் இரண்டு பக்கமும் வைரக் கடைகள், மாடிகளில் எங்களைப் போன்ற பட்டறைகள். எவ்வளவு பெரிய கல்லானாலும் கைகுலுக்கி 'மசல்' (அதிர்ஷ்டம்) என்று யூத வியாபாரி சொல்லிவிட்டால் பேரம் முடிந்தது. குஜராத்திகளும் அதையேதான் சொல்கிறார்கள்.

என் மேஜைக்கு வருவதில் பெரும்பாலும் நிச்சய மோதிரம்தான். நம் பட்டறையில் நீங்கள் கல்லின் அடியை மூடிப் பதிப்பீர்கள். இங்கே மோதிரத்தின் ஆறு உலோகக் கால்களில் கல்லைத் தூக்கி நிறுத்தி, அடியிலிருந்தும் வெளிச்சம் விடுகிறார்கள். 1886-இல் டிஃபனி கடை கொண்டுவந்த முறை. ஒவ்வொரு காலின் உள்பக்கமும் கல்லின் விளிம்பு உட்காரச் சின்னதாக வெட்டி, கல்லை இறக்கி, எதிரெதிர்க் கால்களாக மடக்க வேண்டும். வரிசையாக மடக்கினால் கல் சாய்ந்துவிடும். முடித்ததும் காதோரம் வைத்துத் தட்டிப் பார்ப்பேன். ஆடும் கல் மெலிதாகச் சத்தம் போடும்.

வாங்க வருகிறவர்கள் நிச்சயத்துக்கு வைர மோதிரம் போடுவதை ஆதிகாலத்து வழக்கம் என்று நம்புகிறார்கள். 1477-இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன் பர்கண்டி மேரிக்கு வைர மோதிரம் கொடுத்தது உண்மைதான். ஆனால் அது ராஜகுடும்பம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்கு வைரம் போனதே நம் நாட்டிலிருந்துதான். 1860-களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த பிறகுதான் கல் பெருகியது. நீங்கள் ஒசத்தியாகச் சொல்லும் புளூ ஜாகர் என்ற வைர ரகத்தின் பெயரும் அங்கே இருந்த யாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்ததுதான். விலை விழுந்துவிடாமல் டி பீர்ஸ் கம்பெனி சந்தையைக் கைக்குள் வைத்துக்கொண்டது.

1930-களின் பெரும் மந்தத்தில் இங்கே விற்பனை படுத்துவிட்டது. அதனால் 1938-இல் டி பீர்ஸ்காரர்கள் ஏயர் என்ற விளம்பர நிறுவனத்தை அமர்த்தினார்கள். நடிகைகளின் மோதிரங்கள் பத்திரிகைகளில் வந்தன. பள்ளிக்கூடங்களுக்கே போய்ப் பெண்பிள்ளைகளிடம் பேசினார்கள். 'வைரம் என்றென்றைக்கும்' என்ற வாசகத்தை 1947-இல் அந்த விளம்பர நிறுவனத்தில் எழுதியவர் ஃபிரான்சஸ் கெரட்டி. அந்த அம்மா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1980-களில் இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றே விளம்பரம் செய்தார்கள். அதில் எனக்குக் கோபம் உண்டு. கடன் வாங்கி மோதிரம் எடுக்கும் பையன்களை இன்றும் பார்க்கிறேன்.

ஆனாலும் வழக்கம் வேர் பிடித்துவிட்டது. போன மாதம் ஒரு பாட்டி, பேரன் கட்டப்போகிற பெண்ணுக்குக் கொடுக்கத் தன் மோதிரத்தைக் கொண்டுவந்தார். கால்கள் தேய்ந்து நூலாகியிருந்தன. கல்லை எடுக்கும்போது அவர் என் பக்கத்தை விட்டு நகரவில்லை. அந்தக் கல்லின் மேல் அவர் வைத்திருப்பது விளம்பரம் கொடுத்த ஆசை என்று என்னால் சொல்ல முடியாது.

சரி, லேப் வைரத்துக்கு வருகிறேன். மீத்தேன் வாயுவிலிருந்து சில வாரங்களில் வளர்க்கிறார்கள். அதுவும் இயற்கை வைரம் போலக் கார்பன்தான், உங்கள் லென்ஸில் வித்தியாசம் தெரியாது, மெஷின்தான் சொல்லும். 2018-இல் டி பீர்ஸே காரட் 800 டாலருக்கு லேப் கல் விற்க வந்தது. அதற்குப் பிறகும் விலை இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் சொத்து என்று நினைத்து வாங்க வேண்டாம். ஆசைக்குப் போடட்டும்; சேமிப்பு தங்கமாகவே இருக்கட்டும்.

மாப்பிள்ளை சம்மதித்தால் கல்லை மட்டும் அவர் வாங்கட்டும், மோதிரத்தை நீங்களே நம் பட்டறையில் செய்யுங்கள். கல்லின் விளிம்பில் லேசரில் எண் பொறித்திருக்கும். சான்றிதழ் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், கல்லைக் கொஞ்சம் தாழ வையுங்கள். தினமும் வண்டி ஓட்டுகிறவள். உயர்ந்து நின்றால் துப்பட்டாவில் மாட்டும்.

உங்கள் அன்பு மகன்