ருசி பார்த்தவர் கையில் கார் சாவி வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரான்சின் பர்கண்டி பகுதியில் வாடகைக் காரில் ஒயின் நிலவறைகளைச் சுற்றிவந்த பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். டிஜோனிலிருந்து சாந்தனே வரை சுமார் 60 கி.மீ. போகும் அந்தச் சாலையில் நானும் போயிருக்கிறேன். ஜெவ்ரே ஷாம்பர்தான், வோன் ரொமானே என்று பாட்டிலில் படித்த பெயர்களெல்லாம் வழியில் ஊர்ப் பலகைகளாக வருவது தனி சந்தோஷம்தான்.

ஆனால் ஒரு நாளில் மூன்று நிலவறைகளில் ருசி பார்த்ததாக எழுதியவர், கார் ஓட்டியவர் என்ன செய்தார் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கோப்பையில் கொஞ்சமாகத்தான் ஊற்றுகிறார்கள், சரி. ஆனால் ஒரே இடத்தில் ஐந்தாறு வகை தருவார்கள். எல்லாவற்றையும் விழுங்கினால் அங்கேயே இரண்டு கோப்பை அளவு உள்ளே போய்விடும். பிரான்சில் ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு 0.2. நம் நாட்டு வரம்பு 0.3 என்பதால் அங்கே தாராளம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போலீஸ் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம்.

சாலையும் லேசுப்பட்டதல்ல. தோட்டங்களுக்கு நடுவே போகும் குறுகிய பாதைகளில், கொடி வரிசையின் இரு பக்கமும் சக்கரம் வைத்து ஓடும் உயரமான டிராக்டர் எதிரே வந்து நிற்கும். நாம்தான் பின்னால் எடுத்து வழிவிட வேண்டியிருக்கும். அதற்குத் தெளிந்த தலை வேண்டாமா?

துப்புவதற்கென்றே மேசையில் படிக்கம் வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் அதைத் தொடவே கூச்சப்படுகிறார்கள். ஒயின் தயாரிப்பவர்களே வாயில் சுழற்றிவிட்டு அதில்தான் துப்புகிறார்கள். நாம் துப்பினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும் என்பதால், ஓட்டுபவர் மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

எல்லோரும் குடிக்க ஆசைப்பட்டால் காரே வேண்டாம். டிஜோனிலிருந்து போன் என்ற ஊருக்கு அரை மணிக்குள் ரயிலில் போய்விடலாம். அந்த ஊருக்குள்ளேயே நடந்து போகும் தூரத்தில் நிலவறைகள் உண்டு. அங்கிருந்து பொமார், மெர்சோ வழியாக சாந்தனே வரை தோட்டங்களுக்குள்ளேயே சைக்கிள் பாதையும் இருக்கிறது. சைக்கிளிலும் நிதானம் வேண்டும், அது வேறு விஷயம்.

அடுத்து பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதியான அல்சாஸ் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அந்தக் கட்டுரையிலாவது ரயில், சைக்கிள் வழிகளையும் ரத்த ஆல்கஹால் வரம்பையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

உங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி