"இன்னிக்கு ராத்திரி வராது" என்று சொன்னவருக்கு

எல்லாருக்கும் வணக்கம். அப்பா நன்றாக இருக்கிறார். ஆக்சிஜன் கருவி ஓடுகிறது, கரண்டும் போகாமல் இருக்கிறது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேச இன்னும் தெம்பு வரவில்லை, அதனால்தான் இந்த மடல்.

அன்று மழையில் கரண்ட் போய் ராத்திரி முழுக்க வராமல் இருந்தது உங்களுக்கும் தெரியும், நீங்களும் அதே இருட்டில்தானே இருந்தீர்கள். முதலில் லைன்மேன் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் போய்விட்டால் யாரைக் கேட்டாலும் "இதோ வந்துடும்" என்பார்கள். அன்று சாயங்காலம் அவர் எங்கள் வாசலில் நனைந்துகொண்டு நின்றார். உள்ளே கருவி ஓடும் சத்தம் காதில் விழுந்ததும், யாரும் கேட்காமலே சொன்னார்: "அம்மா, இன்னிக்கு ராத்திரி வராது. இன்வெர்ட்டரை நம்பாதீங்க. வெளிச்சம் இருக்கும்போதே ஐயாவுக்கு வேற ஏற்பாடு பண்ணிடுங்க."

கேட்டதும் எரிச்சல்தான் வந்தது. அப்படியெல்லாம் சொல்வார்களா! ஆனால் அவர் சொல்லிவிட்டு நகரவில்லை, காரணத்தையும் சொன்னார். அணிலோ பறவையோ டிரான்ஸ்ஃபார்மரில் பட்டிருந்தால் பெரும்பாலும் அங்கே ஃபியூஸ் போகும், அந்த நாலு தெரு மட்டும் இருட்டாகும். எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டு ஓவர்லோடு ஆனாலும் அதே கதைதான். இங்கே மொத்த லைனும் போயிருக்கிறது, போட்டதும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுபடி தானாகவே டிரிப் ஆகி அணைந்துவிடுகிறது. காற்றே இல்லாததால் கிளை உரசுகிறது என்றும் சொல்ல முடியாது. மழை பெய்தால் கரண்ட் போகிறது, மழை விட்டால் போகாமல் இருக்கிறது. அப்படியானால் எங்கேயோ ஒரு பீங்கான் இன்சுலேட்டர், அதாவது கம்பி கம்பத்தில் படாமல் தாங்கும் பீங்கான், விரிசல் விட்டிருக்க வேண்டும். விரிசலில் ஈரம் இறங்கினால் கரண்ட் கம்பத்துக்குக் கசியும், காய்ந்தால் ஒன்றும் தெரியாது. ஈரக் கம்பத்தில் இருட்டில் ஏறி அதைத் தேட முடியாது.

டவுனில் ஒரு பக்கம் போனால் பல இடங்களில் இன்னொரு பக்கத்திலிருந்து கரண்டைத் திருப்பிவிடலாம். நமக்கு ஒற்றை லைன், தோப்பும் வயலுமாகச் சுற்றி வருகிறது, நாம் அதன் வாலில் இருக்கிறோம். நடுவில் எந்தக் கம்பத்தில் எது கெட்டாலும் நமக்கு இருட்டு.

அவர் சொன்ன அந்த வார்த்தையால்தான் பொழுது சாயும் முன்பே ஜெனரேட்டருக்கு ஆள் அனுப்பினோம், சிலிண்டருக்குச் சொல்லி வைத்தோம். எங்கள் கருவி 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரி நடுராத்திரியைக்கூடத் தாண்டியிருக்காது. "வந்துடும், வந்துடும்" என்று காத்திருந்தால்... வேண்டாம், அதை எழுதவில்லை.

மறுநாள் லைனை ஆஃப் செய்து, எர்த் போட்டு, பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். கழற்றிய பீங்கானை அண்ணன் எடுத்து வந்து காட்டினார். தலைமுடி மாதிரி ஒரு கோடு, விளிம்பில் நகத்தளவு கருகல், அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு என்று அப்பா படுக்கையிலிருந்தே சிரித்தார். கரண்ட் விடுவதற்கு முன் அண்ணன் தெருத் தெருவாகப் போய், மோட்டாரையெல்லாம் ஆஃப் பண்ணி வையுங்கள், ஒவ்வொன்றாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எல்லாம் ஒன்றாக இழுத்தால் ஃபியூஸ் போய் மறுபடி இருட்டாகும் என்று அவருக்குத் தெரியும்.

நல்ல செய்தி சொல்ல நிறையப் பேர் வருவார்கள். கெட்ட செய்தியை நேரத்தோடு சொல்லிவிட்டு, திட்டு வாங்கவும் தயாராக நிற்பவர் அபூர்வம். அண்ணே, அன்று என் முகம் கொஞ்சம் கடுகடுப்பாக இருந்திருக்கும். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், ஜெனரேட்டர் தந்த வீட்டுக்கும், டீசல் பிடித்து வந்த பையன்களுக்கும், சிலிண்டரைச் சேற்றில் தூக்கி வந்தவர்களுக்கும், ராத்திரி முழுக்க அம்மாவோடு உட்கார்ந்திருந்த அத்தைகளுக்கும், மழையில் கம்பம் கம்பமாக நடந்த மற்ற ஊழியர்களுக்கும் கோடி நன்றி. பேர் சொல்ல ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போய்விடுவார்கள், அந்த வம்பு வேண்டாம்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே, கம்பியைத் தொடுகிற கிளைகள் எந்தெந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன என்று எழுதி, லைன் ஆபீஸில் நானே கொடுக்கப்போகிறேன். உங்கள் பக்கம் இருந்தால் கம்பத்து எண்ணைச் சொல்லுங்கள். சாய்ந்த கம்பம், தொய்ந்த கம்பி, உடைந்த பீங்கான் எதுவானாலும் சேர்த்துக்கொள்வேன். தயவுசெய்து யாரும் அரிவாளோடு தாங்களே கிளம்பிவிடாதீர்கள். லைனை ஆஃப் பண்ணிவிட்டு அவர்கள் வெட்டட்டும்.

ஜெனரேட்டரோடு வந்த நீல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எங்கள் திண்ணையிலேயே இருக்கிறது. மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன், தங்களுடையது இல்லை என்கிறார்கள். யாருடையதோ, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வந்தால் அப்பாவையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள், பேச ஆள் கிடைக்குமா என்று காத்திருக்கிறார்.