குடியரசுத் தலைவருக்கு இன்னொரு மனு வேண்டாம்

மீனவர் சங்கத் தலைவர்களுக்கும், கைது நடக்கும்போதெல்லாம் அவர்களோடு பந்தலில் வந்து உட்காரும் அனைத்துக் கட்சிப் பெரியவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அண்ணன்மாருக்கு,

வணக்கம். தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்கள் மனுக்களைப் பல வருடமாகத் தட்டச்சு செய்து கொடுப்பவன் என்பதால் என் முகம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இப்போது இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட படகைப் பற்றி, அதில் போனவர்கள் எந்தச் சிறையில் இருக்கிறார்கள், அடுத்த வாய்தா எப்போது என்பதைப் பற்றியெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எழுத வந்தது நீங்கள் கடைசியாகக் கொடுத்தனுப்பிய கையெழுத்துக் கட்டைப் பற்றி. பெறுநர்: மாண்புமிகு குடியரசுத் தலைவர், ராஷ்டிரபதி பவன், புது டில்லி. பொருள்: இலங்கைச் சிறையில் உள்ள மீனவர்களை உடனே விடுதலை செய்ய உத்தரவிடக் கோருதல்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். இனி குடியரசுத் தலைவருக்கு மனு எழுத வேண்டாம். எழுதியே ஆக வேண்டுமென்றால் எழுதுங்கள். ஆனால் அதை நம்பியிருக்கும்படி எங்கள் பெண்களிடம் சொல்லாதீர்கள்.

அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு வந்தவர் ஓர் அக்கா. கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இரண்டாவது தடவை பிடிபட்டதால் இந்த முறை எச்சரித்து அனுப்பவில்லை, தண்டனையே கொடுத்துவிட்டார்கள். அக்கா நண்டு கம்பெனியில் சதை எடுக்கிறார், எடைக்குத்தான் கூலி. அன்றைய வேலையை விட்டுவிட்டு, ஆதார், ரேஷன் கார்டு, கடலுக்குப் போக வாங்கிய டோக்கனின் நகல் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் கேட்டார்: "தம்பி, ஜனாதிபதி ஒரு பொம்பளையாமே. அவங்களும் கஷ்டப்பட்டு வந்தவங்கதானாம். அவங்க ஒரு கையெழுத்துப் போட்டா அன்னைக்கே விட்டுருவாங்கன்னு சங்கத்துல சொன்னாங்க. எப்ப போடுவாங்க?"

இதைச் சொன்னது உங்களில் யார் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவருடைய அவசரம் உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டுச் செலவுக்காக அக்காவின் நகையை அடகு வைத்தார்கள். கடன் கணவர் பெயரில். வருடம் முடிந்து, வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கடன்காரரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது வங்கி. அவர் இலங்கைச் சிறையில் இருக்கிறார் என்றால் அதற்குச் சான்று கொண்டு வா என்கிறது. சான்று கேட்டுப் போன அலுவலகத்தில், "வெளிநாட்டில் நடந்ததற்கு நாங்கள் எப்படி எழுதித் தருவது?" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கணவரைப் பிடித்த செய்தி எல்லாப் பேப்பரிலும் வந்தது. நீங்களே மேடையில் பெயர் வாசித்தீர்கள். ஆனாலும் ஒரு தாளில் முத்திரை வைத்துத் தர ஆளில்லை. ஏல நோட்டீஸ் வந்துவிட்டது. வட்டிப் பணம் அவர் கையிலேயே இருக்கிறது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

இப்போது உங்கள் மனு போகும் பாதையைப் பாருங்கள். டில்லிக்குப் போகும். அங்கிருந்து "உரிய நடவடிக்கைக்காக" ஓர் அமைச்சகத்துக்கோ மாநில அரசுக்கோ அனுப்பப்படும். அவர்களைக் குறை சொல்லவில்லை, முறை அதுதான். மாநிலத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து துறை என்று இறங்கி, கடைசியில் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து அக்காவுக்குப் போன் வரும். "ஜனாதிபதிக்கு மனு போட்டீங்களா? ஆதார் நகலோட வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போங்க." இன்னொரு நாள் கூலி போய்விடும். அக்கா எழுதிக் கொடுத்ததும் மனு "தீர்வு காணப்பட்டது" என்று முடிந்துவிடும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பதிலையும் என் கடையில்தான் அச்செடுத்துக் கொடுக்கிறேன்.

சரி, குடியரசுத் தலைவருக்கு அதிகாரமே இல்லையா? அரசியலமைப்பு ஏட்டைத் திறந்தால் எல்லாம் அவருடையதுதான். ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் அவரிடம் இருக்கிறது என்று 53-ஆவது பிரிவு சொல்கிறது. முப்படைகளுக்கும் அவரே தலைவர். அப்புறம் 74-ஆவது பிரிவு வருகிறது. பிரதமர் தலைமையிலான அமைச்சரவை அவருக்கு ஆலோசனை சொல்லும் என்கிறது. அந்த ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று 1976-இல் 42-ஆவது திருத்தம் கட்டிப்போட்டது. 1978-இல் 44-ஆவது திருத்தம் கொஞ்சம் தளர்த்தி, ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்றது. மறுபடியும் அதையே சொன்னால் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

அந்த ஒருமுறையைச் சிலர் நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். 1997-இல் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையை கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். மத்திய அரசு அதைக் கைவிட்டது. அதற்கு முன் ஜெயில் சிங், 1986-இல் வந்த அஞ்சல் திருத்த மசோதாவைக் கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் அப்படியே வைத்துக்கொண்டார். அது சட்டமாகவே ஆகவில்லை. ஆக, அந்த நாற்காலியில் இருப்பவரால் ஒரு கோப்பைத் தாமதிக்கலாம், சில நேரம் தடுக்கவும் செய்யலாம். அதற்கு முதலில் அவர் மேசைக்கு ஒரு கோப்பு வர வேண்டும். நம் மீனவர் கைதாகும் விஷயத்தில் கையெழுத்துக்காக அவரிடம் எந்தக் கோப்பும் போவதில்லை. கோபம் வந்தால் திருப்பி அனுப்பக்கூட அவர் கையில் ஒன்றும் இல்லை.

மன்னிக்கும் அதிகாரம் இருக்கிறதே என்று உங்களில் ஒருவர் பந்தலில் பேசினார். இருக்கிறது, 72-ஆவது பிரிவு. அது நம் நாட்டுச் சட்டப்படி தண்டிக்கப்பட்டவர்களுக்கு. இலங்கை நீதிமன்றம் கொடுத்த தண்டனையை ராஷ்டிரபதி பவனிலிருந்து குறைக்க முடியாது.

இதையெல்லாம் வேறு ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கலாம். ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? நம் ஊரில் பிறந்து, ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தவரே 2002 முதல் 2007 வரை அந்த நாற்காலியில் இருந்தார். சில அரசுப் பதவிகளை எம்.பி.க்களும் வகிக்கலாம் என்ற ஆதாயப் பதவி மசோதாவை 2006-இல் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதையே மறுபடி நிறைவேற்றி அனுப்பியது, கையெழுத்துப் போட்டார். அதற்கு முந்தின வருடம் மாஸ்கோவில் இருந்தபோது, பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் ஆணை ராத்திரியில் வந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டார். அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு விரோதமானது என்று பிறகு உச்ச நீதிமன்றம் சொன்னது. கலாம் ஐயா மேல் எனக்கு மரியாதை குறையவில்லை, அவர் நினைவிடம் இருக்கும் பேய்க்கரும்பு வழியாகப் போகும்போது இன்றைக்கும் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். ஆனால் அவர் இருந்த ஐந்து வருடத்திலும் கடல் எல்லைக் கோடு இருந்த இடத்தில்தான் இருந்தது. நம்ம ஊர்ப் பிள்ளையாலேயே முடியாததை ஒடிசாவிலிருந்து வந்த அம்மா செய்வார் என்று அக்காவிடம் எந்த வாயால் சொன்னீர்கள்?

அந்தக் கரையில், இலங்கையில், கதை வேறு. அங்கே 1978-இல் ஜெயவர்த்தனே அரசியலமைப்பையே மாற்றி, நிர்வாக அதிகாரமெல்லாம் ஜனாதிபதி கையில் வரும்படி செய்துகொண்டார். அதிகாரத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள், கூட்டினார்கள், மறுபடி குறைத்தார்கள். ஆனாலும் மன்னிக்கும் பேனா அங்கே நிஜமான பேனா. நம் ஊருக்கு அது நேரில் தெரியும். 2011-இல் கடலில் பிடிபட்ட ஐந்து பேருக்குப் போதைப்பொருள் வழக்கில் 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பில் தூக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அன்றைக்குத் தங்கச்சிமடம் இருந்த நிலை உங்களுக்கு மறந்திருக்காது. பேருந்து எரிந்தது, தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். மூன்று வாரத்துக்குள் ஐந்து பேரும் விடுதலை. இந்திய அரசு பேசியது, மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றார்கள், அப்போது அங்கே ஜனாதிபதியாக இருந்த ராஜபக்ச தண்டனையை நீக்கினார். அவருக்குத் தேர்தல் நெருங்கியிருந்தது, அவருக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும். எப்படியோ, பேச வேண்டியவர் பேசினார், போட வேண்டியவர் கையெழுத்துப் போட்டார். அதில் ராஷ்டிரபதி பவனுக்கு வேலையே இருக்கவில்லை.

கச்சத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இலங்கைக்குக் கொடுத்த ஒப்பந்தத்தில் 1974 ஜூனில் கையெழுத்திட்டவர்கள் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும். இரண்டு பேரும் பிரதமர்கள். அப்போது இங்கே வி.வி. கிரி, அங்கே வில்லியம் கோபல்லாவ என்று இரண்டு நாட்டிலும் குடியரசுத் தலைவர்கள் இருந்தார்கள், இருந்தார்கள், அவ்வளவுதான். கடலில் தொழில் செய்யும் உரிமையில் கை வைத்த 1976 மார்ச் கடிதங்களோ இன்னும் கீழே, இரண்டு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை. நம் கடலைப் பறித்த காகிதம் ஓர் அதிகாரியின் மேசையிலிருந்து போயிருக்கிறது. மீட்கும் காகிதத்தை மட்டும் நாம் முந்நூற்று நாற்பது அறையுள்ள மாளிகைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

உங்களுக்கு இது தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தெரிந்துதான் செய்கிறீர்கள். அமைச்சர் பெயரைப் போட்டு, "இத்தனாம் தேதிக்குள் பதில் சொல்" என்று எழுதினால் ஒரு கட்சிக்குக் கோபம் வரும். முதலமைச்சருக்கு எழுதினால் இன்னொரு கட்சிக்கு வருத்தம். குடியரசுத் தலைவருக்கு எழுதினால் யாருக்கும் எதுவும் ஆகாது. பந்தலில் எல்லாக் கொடியும் பக்கத்துப் பக்கத்தில் பறக்கலாம், தபால் நிலைய வாசலில் எல்லோரும் சேர்ந்து உறையைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கலாம். ஒன்றும் செய்ய முடியாதவர் என்பதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

2025 ஏப்ரலில் பிரதமர் கொழும்பில் அந்நாட்டு ஜனாதிபதியோடு பேசிவிட்டு நேராக இங்கே வந்துதான் புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார். கேட்கிற அதிகாரம் உள்ளவரும், கொடுக்கிற அதிகாரம் உள்ளவரோடு பேசியவரும் ஒரே ஆளாக நம் மண்ணில் நின்றார். அன்றைக்கு நீங்கள் பொன்னாடை வாங்கப் போயிருந்தீர்கள். இழுவலையை விட்டு ஆழ்கடலுக்குப் போக 2017-இல் 2000 படகு என்றார்கள், படகு ஒன்றுக்கு 80 லட்சம் என்றார்கள். இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. அதைக் கேட்டு ஒரு கையெழுத்து இயக்கம் நடந்ததாக எனக்கு நினைவில்லை. நடந்திருந்தால் தட்டச்சு என்னிடம்தான் வந்திருக்கும். யாழ்ப்பாணத்துக் கரையிலும் நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள், நம் இழுவலை அவர்கள் வலையை அறுத்துப் போடுகிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மனு நிஜமான அதிகாரம் உள்ள ஜனாதிபதிக்குப் போகிறது. இதைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. உங்களில் பலர் படகு முதலாளிகள். உங்கள் மனுவில் "படகுகளையும் மீனவர்களையும்" என்றுதான் எப்போதும் வருகிறது, படகு முன்னால், ஆள் பின்னால். நானாக ஒருமுறை மாற்றி அடித்தபோது திருத்தித் தரச் சொன்னீர்கள்.

கொஞ்சம் காட்டமாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

குடியரசுத் தலைவருக்கு மனு வேண்டாம். வெளியுறவு அமைச்சருக்கு எழுதுங்கள், தேதி போட்டு எழுதுங்கள். மீனவர் பிரச்சினைக்காக இரண்டு நாடும் சேர்ந்து 2016-இல் ஒரு கூட்டுப் பணிக்குழு போட்டார்கள். அதன் கூட்டத்தில் நமக்காக யார் என்ன பேசினார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லி நம் எம்.பி.க்கு எழுதுங்கள். மீனவரும் மீனவரும் உட்கார்ந்து பேசுவதை 2014-இல் சென்னையிலும் 2016-இல் டில்லியிலும் செய்தார்கள். அதை விடாமல் நடத்தச் சொல்லி இரண்டு அரசுக்கும் எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் யார் பதில் சொல்லவில்லை என்று பெயர் சொல்லிப் பந்தலில் பேசலாம். குடியரசுத் தலைவர் விஷயத்தில் அதற்கும் வழி கிடையாது.

அதற்கெல்லாம் முன்னால், மாவட்ட ஆட்சியருக்கு ஒரு பக்க மனு. இலங்கையில் சிறைப்பட்ட மீனவரின் மனைவிக்கு, அவர் சிறையில் இருப்பதாகச் சான்று ஒரு வாரத்துக்குள் கிடைக்க வேண்டும்; அதை வைத்து நகைக்கடனை மனைவியே திருப்பி வைக்க வங்கிகள் விட வேண்டும். இதற்குக் கொழும்பும் வேண்டாம், டில்லியும் வேண்டாம். ராமநாதபுரத்திலேயே முடியும்.

அந்த மனுவை அடித்து வைத்துவிட்டேன். கூலி வேண்டாம். ஏலத் தேதிக்கு முன்னால் யாராவது ஒருவர் கடைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வரும்போது சங்க முத்திரையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைத் தம்பி,
தங்கச்சிமடம்