கயிறு கிடந்த மணிக்கட்டு

அன்புள்ள மகள் வெண்மதிக்கு, அப்பா எழுதுவது.

நாங்குநேரிச் சம்பவத்தைப் பற்றிப் பேசுகையில், "வீடு புகுந்து அரிவாளால் வெட்டத் தெரிந்தவனுக்கு மறுவாய்ப்பு எதற்கு அப்பா?" என்று போன வாரம் கேட்டாய். 2023 ஆகஸ்டில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் பள்ளிப் பையன்களே வெட்டினார்கள் என்று செய்தி வந்த இரவு எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. உன் கோபத்தில் நான் குறை காணவில்லை.

வயதைக் காட்டி எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள் என்று நீ சொன்னது மட்டும் சரியன்று. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் கொடுமைக்குப் பின் எழுந்த கொந்தளிப்பில் நிறைவேறிய 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பதினாறு வயது நிறைந்தவன் கொடுங்குற்றம் செய்தால், அவனுடைய மனநிலையையும் விளைவை உணரும் திறனையும் இளைஞர் நீதிக் குழுமம் ஆராய்ந்து, பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பலாம். அப்போதும் தூக்குத் தண்டனை கிடையாது. அனுப்பாவிட்டால், அதிகபட்சம் மூன்றாண்டு, சிறாரைத் திருத்துவதற்கான சிறப்பு இல்லம். அந்த மூன்றாண்டில் அவனுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலையெல்லாம்.

நீ சிறுபிள்ளையாக இருந்தபோது, என் வகுப்பில் படித்த பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கோயில் கொடை விழாவில் சாதித் தகராறு முற்றி வேறு தெருப் பையனை வெட்டிவிட்டான். விசாரணைக் காலத்தில் சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அவன் தகப்பனாரோடு நானும் போனேன். எப்போதும் கையில் கட்டியிருந்த, சாதியைக் காட்டும் வண்ணக் கயிற்றை அறுத்திருந்தார்கள். வெயில் படாத அந்த இடம் மட்டும் மணிக்கட்டைச் சுற்றி வெளுத்துக் கிடந்தது. தலைகுனிந்தே இருந்தவன், நாங்கள் எழுந்தபோது, "செய்யுள் பகுதி எதுவரைக்கும் முடிந்தது சார்?" என்று கேட்டான். அந்தக் கயிற்றை அவன் கையில் கட்டிவிட்டவர்கள் பெரியவர்கள். அதை ஓராண்டு முழுவதும் வகுப்பில் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தியவன் நான். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளியில் இத்தகைய கயிறுகளைத் தடை செய்யச் சொன்னதைப் படித்தபோது, அந்த வெளுத்த தடம்தான் என் கண்ணில் நின்றது. செய்த குற்றம் அவனுடையதுதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவனை அதுவரை கொண்டுவந்து விட்ட நாம், அவனைத் திரும்ப அழைத்துவரும் பொறுப்பிலிருந்து மட்டும் எப்படி விலகிக்கொள்ள முடியும்? அவன் தேர்வெழுதித் தேறினான். இன்று வெளியூரில் மின்பணி செய்து பிழைக்கிறான், கையில் கயிறு இல்லை.

ஒன்றை மட்டும் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. வெட்டியவனைப் பார்க்க நான் நான்கு முறை போனேன். வெட்டுப்பட்டவன் வீட்டுக்கு ஒரே முறைதான் போனேன், அதுவும் வாசலோடு. அவனுக்கு இன்றும் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. படிப்பை அந்த ஆண்டே நிறுத்திவிட்டான். அவனுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லையே, அம்மா. நாங்குநேரிப் பையன் அந்தக் காயங்களோடு தேர்வெழுதித் தேறிய செய்தியைப் படித்த அன்று அவனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு நீ வரும்போது அந்த வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். நீயும் உடன் வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா